கொழும்பில் நாய்க்கு இதயப்புழு என்றால்: எங்கே காசு போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது

டொக்டர் ரத்தத்தை ஸ்லைடில் வைத்துப் பார்த்துவிட்டு "மைக்ரோஃபைலேரியா இருக்கு", அதாவது ரத்தத்தில் புழுக்குஞ்சு திரிகிறது, என்று சொன்னதும், நாம் செய்கிற முதல் வேலை போனை எடுத்து இதயப்புழுச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று தேடுவதுதான். வருவதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. ஆயிரம் டொலர், அதற்கும் மேல். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும், சிலர் அங்கேயே மனம் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இலங்கையில் அந்தப் பெருக்கலுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அது எந்தப் புழு?

உலகம் முழுக்க இதயப்புழு என்று சொல்லப்படுவது டைரோஃபைலேரியா இமிட்டிஸ். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் குடியிருக்கும், கூட்டம் கூடினால் இதயத்தின் வலப்பக்கத்துக்கும் வரும். பெண் புழு ஒரு அடி நீளம் வரை வளரும், நாயின் உடம்பில் ஐந்து முதல் ஏழு வருடம் உயிரோடு இருக்கும். ஆனால் நம் நாட்டு நாய்களில் பெரும்பாலும் காணப்படுவது அதன் நெருங்கிய சொந்தம், டைரோஃபைலேரியா ரெபென்ஸ். இது தோலுக்கு அடியில் வாழ்வது. சில நாய்களுக்குச் சொறி வரும், சின்னக் கட்டி வரும், பல நாய்களில் வெளியே ஒன்றுமே தெரியாது. இவை போதாதென்று, மனிதருக்கு யானைக்கால் கொடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த புரூகியாவும் இங்கே நாய் பூனைகளின் ரத்தத்தில் கிடைக்கிறது. மூன்றையும் பரப்புவது நுளம்பு. மூன்றும் தங்கள் குஞ்சுகளை ரத்தத்தில் விடும். அவசரமாகப் பார்த்த ஸ்லைடில் மூன்றும் ஒரே மாதிரித்தான் நெளியும்.

செலவு பிரிகிற இடம் இதுதான். இமிட்டிஸ் என்றால் எக்ஸ்ரே, ஒரு மாத அன்டிபயோட்டிக், ஆர்சனிக் கலந்த மூன்று ஊசி, மாதக்கணக்கில் ஓய்வு என்று நீண்ட பாதை. ரெபென்ஸ் என்றால் பொதுவாக அந்த ஊசிப் பாதைக்கே போகவேண்டியதில்லை. மொக்சிடெக்டின் கலந்த, கழுத்துத் தோலில் விடும் மருந்தை மாதம் ஒருமுறை ஆறு மாதம் போடுவது, கட்டி இருந்தால் அதை எடுப்பது, இதற்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே ஒரு ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய சிகிச்சைக்கு முற்பணம் கட்டாதீர்கள். புழு இன்னது என்று தெரிந்துகொள்ளப் போகிற காசுதான் இந்தக் கதையிலேயே அதிகம் மிச்சம் பிடித்துத் தரும் காசு.

எந்தப் புழு என்று கண்டுபிடிப்பது

இரண்டு டெஸ்ட் போதும். முதலாவது ஆன்டிஜன் டெஸ்ட். சில துளி ரத்தத்தை ஒரு சின்னத் தட்டில் விட்டால் சில நிமிடங்களில் விடை வரும். இது தேடுவது வளர்ந்த பெண் இமிட்டிஸ் புழு விடுகிற புரதத்தை. ஐடெக்ஸ் நிறுவனத்தின் ஸ்னாப் 4டிஎக்ஸ் போன்ற கூட்டு டெஸ்டுகளில் அதே ரத்தத்திலேயே உண்ணிக்காய்ச்சல் கொடுக்கும் எர்லிக்கியாவும் அனபிளாஸ்மாவும் சேர்த்துப் பார்க்கப்படும். கொழும்பு நாய்க்கு இது நல்ல பேரம், ஏனென்றால் இங்கே சோர்ந்து படுத்திருக்கும் நாய்க்கு முதலில் சந்தேகப்படவேண்டியது உண்ணிக்காய்ச்சலைத்தான். தனித்தனியாகச் செய்தால் ஆகும் செலவையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். நுளம்பு கடித்து ஆறேழு மாதம் போன பிறகுதான் இந்த டெஸ்டில் புழு பிடிபடும். ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கு யாராவது ஆன்டிஜன் டெஸ்ட் எழுதித் தந்தால், "இந்த வயதில் இதில் ஏதாவது தெரியுமா டொக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இரண்டாவது நாட்ஸ் டெஸ்ட். ரத்தத்தை ஃபோர்மலினில் கலந்து, சுற்றி, அடியில் தங்கும் படிவுக்குச் சாயம் போட்டு, குஞ்சுப் புழுக்களை அளந்து பார்ப்பது. ரெபென்ஸ் குஞ்சு இமிட்டிஸ் குஞ்சைவிட நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும், புரூகியாவுக்கு மேலே ஓர் உறை இருக்கும். பழகிய கண் வேண்டும், பெரிய மெஷின் வேண்டாம். அதிலும் தெளிவில்லை என்றால், புழுவின் மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் டெஸ்ட். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது, கொழும்பில் இருக்கும் பலரும் "பேராதனைக்குக் கொண்டுபோங்கோ" என்று கேட்டதும் வான் பிடிக்க ஓடுகிறார்கள். நாயைக் கொண்டுபோகாமல் ரத்தத்தை மட்டும் அனுப்ப முடியுமா என்று உங்கள் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் தேவைப்படும் கட்டம் வந்தால் நாய் போகட்டும். இதயம் நோயோடு இருக்கிற நாயைக் கண்டி வீதியில் நாலு மணி நேரம் குலுக்கிக்கொண்டு போவது அதற்கும் நல்லதல்ல.

முடிவுகளை இப்படி வாசியுங்கள். குஞ்சுப் புழு இருக்கிறது, ஆன்டிஜன் இல்லை என்றால் பெரும்பாலும் ரெபென்ஸ் அல்லது புரூகியா. ஆன்டிஜன் இருக்கிறது என்றால் இமிட்டிஸ் சந்தேகம் வலுவானது, ஆனால் ரெபென்ஸ் உள்ள நாய் சில வேளைகளில் இந்த டெஸ்டை ஏமாற்றும், அதனால் இன்னொரு டெஸ்டாலோ எக்ஸ்ரேயாலோ உறுதிசெய்யாமல் ஊசிக்குப் போகக்கூடாது. குஞ்சே இல்லாமல் ஆன்டிஜன் மட்டும் இருப்பதும் உண்டு, ஆண் பெண் சேராத கூட்டமாக இருக்கலாம், ஏற்கெனவே போட்ட ஏதாவது மருந்து குஞ்சுகளைக் கொன்றிருக்கலாம். ஆகவே இதற்கு முன் நாய்க்கு என்னென்ன மருந்து போட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அங்கிள் போட்டுவிட்ட ஊசி உட்பட.

இமிட்டிஸ்தான் என்று உறுதியானால், பில்லில் என்ன வரும்

ரூபாய்க் கணக்கை எழுதினால் அடுத்த மாதம் பழசாகிவிடும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றியிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360-ஐ எட்டியபோது இறக்குமதி மருந்துக்கு என்ன நடந்தது என்பது நாய் பூனை வளர்த்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால் எண்ணிக்கையை நான் சொல்கிறேன், இரண்டு மூன்று கிளினிக்குக்குப் போன் எடுத்து விலையை நீங்கள் நிரப்புங்கள்.

20 கிலோ நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க இதயப்புழுச் சங்கத்தின் வழிமுறையைத்தான் உலகில் அதிகம் பேர் பின்பற்றுகிறார்கள். அதன்படி முதலில் 28 நாள் டொக்ஸிசைக்ளின், ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், காலையும் மாலையும். புழுவின் உடம்பில் வொல்பாக்கியா என்றொரு பக்டீரியா வாழ்கிறது, அதைக் கொன்றால் புழு பலவீனப்படும், பிறகு புழு சாகும்போது நாயின் நுரையீரலுக்கு வரும் அடியும் குறையும். 20 கிலோவுக்கு ஒரு வேளை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் கப்சூல் ஒரு நாளைக்கு நாலு, மொத்தம் 112. இது மனிதர்களும் குடிக்கிற சாதாரண மருந்து. கிளினிக்கிலேயே வாங்கவேண்டும் என்று சட்டமில்லை. டொக்டரிடம் மருந்துத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு ராஜ்ய ஒசுசலவிலும் பக்கத்துப் பாமசியிலும் ஜெனரிக் விலை கேளுங்கள். 112 கப்சூலில் ஒரு கப்சூலுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் வந்தாலே ஆயிரத்துக்கு மேல். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சோற்றோடு கொடுங்கள்.

அதோடு முதல் நாளிலிருந்தே மாதாந்தத் தடுப்பு மருந்து. குஞ்சுப் புழு நிறைய இருந்தால் முதல் டோஸ் கிளினிக்கில் போடுவது நல்லது, குஞ்சுகள் ஒரேயடியாகச் செத்தால் நாய் அதிர்ச்சிக்குப் போகலாம்.

அடுத்தது மெலார்சோமின், முதலில் சொன்ன அந்த ஆர்சனிக் ஊசி. முழுப் பில்லில் பாரமானது இதுதான், ஆளைப் பயப்படுத்துவதும் இதுதான். முதுகின் ஆழமான தசையில், ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். தொடங்கி 60-ஆம் நாள் ஒன்று, 90-ஆம் நாள் ஒன்று, அடுத்த நாளே மூன்றாவது. குப்பி ஒன்றில் 50 மில்லிகிராம் இருக்கும். உங்கள் நாய் சரியாக 20 கிலோ என்றால் ஊசிக்கு ஒரு குப்பி, மூன்று குப்பியோடு முடிந்தது. 22 கிலோ என்றால் 55 மில்லிகிராம் வேண்டும், ஒரு குப்பி போதாது, இரண்டாவதை உடைக்கவேண்டும். இங்கேதான் கேட்கத் தெரியவேண்டும்: கரைத்த மருந்தைக் குளிரூட்டியில் 24 மணி நேரம் வைக்கலாம் என்பது தயாரிப்பாளரின் குறிப்பு, இரண்டாவது மூன்றாவது ஊசிகளுக்கு இடையில் இருப்பதும் 24 மணி நேரம்தான், ஆகவே அந்த இரண்டுக்கும் சேர்த்து மூன்று குப்பி போதுமா என்று கேளுங்கள். நாலுக்குப் பதில் மூன்று. அதைவிட முக்கியம், நாயை அன்றைக்கே தராசில் நிறுத்துங்கள். போன வருட அட்டையில் எழுதியிருக்கும் நிறையை வைத்துக் குப்பி ஓடர் பண்ணாதீர்கள், அந்த இரண்டு மாதத்தில் நாய் மெலிந்தும் இருக்கும்.

மெலார்சோமின் எல்லாக் கிளினிக்கிலும் அலமாரியில் கிடக்கும் மருந்தல்ல. எனவே முதல் சந்திப்பிலேயே "மருந்து கையில் இருக்கா, இல்லாவிட்டால் எவ்வளவு நாளில் எடுக்கலாம், எத்தனை குப்பிக்கு முற்பணம்?" என்று கேளுங்கள். மூன்றும் உறுதியாகக் கிடைக்கும் என்று தெரியாமல் முதல் ஊசியைப் போட்டுவிட்டு நடுவில் நிற்பதைப் போல வீண்செலவு வேறில்லை. நல்ல வேளையாகத் தொடக்கத்தில் இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது, காசு சேர்க்கவும் மருந்து தேடவும் அந்த அவகாசத்தையே பயன்படுத்தலாம். கிரெடிட் கார்டில் தவணைக்கு மாற்றலாமா, ஊசிக்கு ஊசி கட்டலாமா என்றெல்லாம் வெட்கப்படாமல் கேளுங்கள். காசுக் கதை கேட்டு முகம் சுளிக்கிற டொக்டர்களை விட "முதலே சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருக்கலாமே" என்று சொல்கிற டொக்டர்கள்தான் அதிகம்.

இவற்றைச் சுற்றி வருவன: ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே இரண்டு கோணத்தில், முழு ரத்தப் பரிசோதனை, ஈரல் சிறுநீரகப் பரிசோதனை, ஊசி நாட்களில் கிளினிக்கில் தங்கவைக்கும் கட்டணம், அழற்சியைக் குறைக்கும் பிரெட்னிசோலோன் குளிசை, வலி மருந்து. கடைசி ஊசிக்கு ஒரு மாதம் கழித்துக் குஞ்சு இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட், ஒன்பது மாதம் கழித்து ஆன்டிஜன் டெஸ்ட். இவற்றையெல்லாம் சேர்த்து எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று வாயால் சொல்கிற தொகையில் எக்ஸ்ரே இருக்கிறதா இல்லையா என்பது பிறகுதான் தெரியவரும்.

ஊசி கட்டுப்படியாகாவிட்டால்

மெலார்சோமின் கிடைக்கவில்லை, அல்லது வாங்க வழியில்லை என்றால் மாற்றுவழி உண்டு, அதற்கு மொக்சி-டொக்ஸி என்று பெயர். மேலே சொன்ன டொக்ஸிசைக்ளின் ஒரு மாதம், அதோடு இமிடாகுளோபிரிட்டும் மொக்சிடெக்டினும் சேர்ந்த, அட்வகேட் போன்ற கழுத்து மருந்து மாதாமாதம். வளர்ந்த புழுக்கள் மெதுவாகச் சாகும். ஒரு வருடம் எடுக்கலாம், அதற்கு மேலும் போகலாம். ஒவ்வொரு ஆறு மாதமும் ஆன்டிஜன் டெஸ்ட்.

கையில் இன்று கொடுக்கும் காசு இதில் குறைவு என்பது உண்மை. ஆனால் புழு உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மாதமும் ரத்தக்குழாய் சேதப்பட்டுக்கொண்டே இருக்கும், நாயை ஓடவிடாமல் வைத்திருக்கவேண்டிய காலமும் அவ்வளவுக்கு நீளும். அமெரிக்கச் சங்கம் இதை முதல் தெரிவாகச் சொல்வதில்லை, ஊசிக்கு வழியே இல்லாத இடத்துக்கான தெரிவாகத்தான் சொல்கிறது. என் கருத்தும் அதுதான்: ஊசி கிடைத்து, கடன் படாமல் கட்டமுடியும் என்றால் ஊசி. முடியாது என்றால் இதை ஒழுங்காகச் செய்யுங்கள், ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஐவர்மெக்டின் குளிசை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அது வேறு கதை, அப்படிப் போனால் இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்கும், மருந்துக்குப் பழகிய புழுக்களையும் வளர்த்துவிடும்.

பப்பாசி விதை, வேப்பெண்ணெய், பாவற்காய்ச் சாறு பற்றியும் கேட்கிறார்கள். வயிற்றுக்குப் போகிற சாறு நுரையீரல் ரத்தக்குழாயில் இருக்கிற புழுவைக் கொல்லாது. அந்தக் காசுக்கு ஒரு மாதத் தடுப்பு மருந்து வாங்கலாம்.

காசு செலவாகாத, ஆனால் எல்லாரும் கோட்டை விடுகிற பகுதி

ஓய்வு. நாய் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, வாசலில் மீன்காரன் வந்தால் பாய்ந்து குரைக்கக்கூடாது. புழு கண்டுபிடித்த நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் வரை, கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மாதம். செத்த புழுத் துண்டுகள் நுரையீரலில் போய் அடைக்கும், இதயம் வேகமாக அடித்தால் அந்த அடைப்பு உயிருக்கு ஆபத்து. சிகிச்சையில் செத்துப்போகிற நாய்களில் பல மருந்தால் சாவதில்லை, "இப்ப நல்லா இருக்கு, பாவம்" என்று கோல்ஃபேஸுக்கு ஓடவிட்டதால் சாகின்றன.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி, ஓடுவதற்கு இடமே இல்லை. லிஃப்ட் இல்லாத மாடி என்றால் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், அல்லது கீழ்வீட்டில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் சில வாரம் கேட்டுப் பாருங்கள். பெரிய கூடு ஒன்று இரவல் வாங்கினால் போதும், புதிதாக வாங்கவேண்டாம். மலசலத்துக்குக் கழுத்துப்பட்டியோடு, மெதுவாக, உடனே திரும்பி.

பிறகு வெடி. ஏப்ரல் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31, கிரிக்கெட்டில் இலங்கை வென்ற இரவு. நல்ல நாயும் வெடிச்சத்தத்துக்கு நடுங்கி ஓடும், ஊசி போட்ட நாய்க்கு அது மிக மோசமான நேரம், முக்கியமாக ஊசிக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை. ஆகவே கலண்டரை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் சிகிச்சை தொடங்கினால் 60-ஆம் நாள் ஊசி சரியாகப் புத்தாண்டு வெடியில் வந்து விழும். நாயின் நிலைமை தாங்கும் என்றால் சில வாரம் தள்ளிவைக்கலாம், தாங்காது என்றால் அந்த இரவுகளுக்கு அமைதிப்படுத்தும் மருந்து எழுதித் தருவார். கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒன்றும் செய்யமுடியாது, அது நடக்கும்போது பார்ப்போம்.

இந்தக் காலத்தில் இருமல் கூடினால், இருமலில் ரத்தம் வந்தால், காய்ச்சல், மயக்கம், மூச்சிரைப்பு என்றால் அன்றிரவே கொண்டுபோங்கள். திடீரென்று விழுந்து, முரசு வெளுத்து, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் புழுக்கூட்டம் இதயத்தின் வாசலையே அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கழுத்து நாளத்தின் வழியாகப் புழுவை வெளியே இழுக்கும் அறுவைச் சிகிச்சைதான் வழி, அது செலவிலும் ஆபத்திலும் வேறு உலகம். உங்கள் பக்கத்தில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது, அங்கே ஒட்சிசன் இருக்கிறதா என்பதை இப்போதே கேட்டு நம்பரைப் போனில் போட்டு வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு ஓட்டோவில் இருந்துகொண்டு தேடுகிற வேலையல்ல அது.

பூனைக்கு

சுருக்கமாகச் சொன்னால், பூனைக்கு மெலார்சோமின் போடக்கூடாது. பூனையில் பெரும்பாலும் ஒன்று இரண்டு புழுதான் இருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் தானாகச் சாகும், சாகும்போது பூனையையும் கொண்டுபோகலாம். புழு குறைவு என்பதால் ஆன்டிஜன் டெஸ்டிலும் பிடிபடாமல் தப்பும். சிகிச்சை என்பது பிரெட்னிசோலோன், மூச்சுக்கு உதவி, அவ்வப்போது எக்ஸ்ரே, கண்காணிப்பு. ஆகவே பூனை விஷயத்தில் காசெல்லாம் தடுப்பில்தான் போகவேண்டும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் சேர்த்து. நுளம்பு எந்தக் கதவையும் தட்டிக்கொண்டு வருவதில்லை. இன்னொன்று, நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள், அது பூனைக்கு நஞ்சு.

ரெபென்ஸ் என்று வந்தால் நிம்மதியா?

பொக்கெட்டுக்கு நிம்மதி. ஆனால் "தோலுக்கு அடியிலதானே" என்று விட்டுவிடவேண்டாம். ரெபென்ஸ் நுளம்பு வழியாக மனிதருக்கும் வரும். கண் இமையிலும் தோலிலும் கட்டியாக வருவதை இலங்கை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளிலும் கூட. நாயைத் தடவினால் ஒட்டாது, பயப்படவேண்டாம். ஆனால் ரத்தத்தில் குஞ்சோடு திரிகிற நாய் ஒன்று ஒழுங்கையில் இருந்தால் அந்த ஒழுங்கை நுளம்புக்கெல்லாம் அது களஞ்சியம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல், யானைக்கால் நோய் இலங்கையில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற அளவுக்கு ஒழிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தது, அந்தக் குடும்பத்துப் புரூகியா இன்னும் நாய் பூனைகளில் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தொடர்மாடி வாசலில் எல்லாரும் சோறு வைக்கிற அந்தப் பழுப்பு நாய்க்கும், வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து மாத மருந்து போட்டால் அது தர்மம் மட்டுமல்ல, உங்கள் வீட்டு நாய்க்கும் பாதுகாப்பு.

தடுப்பு மருந்தில் ஏமாறாமல் இருக்க

ஒரு வருடத் தடுப்பு மருந்தின் விலையையும் மேலே நீங்கள் நிரப்பிய பட்டியலின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. குளிர்காலத்தில் நிறுத்தலாம் என்று அமெரிக்க, ஐரோப்பியப் பக்கங்களில் வருவது நமக்குப் பொருந்தாது. வெப்பம் ஏறக்குறைய 14 பாகைக்குக் கீழே போனால்தான் நுளம்புக்குள் புழு வளர்வது நிற்கும். கொழும்பில் அப்படி ஒரு இரவு வரப்போவதில்லை, இங்குள்ள வெக்கையில் இரண்டு வாரத்துக்குள் நுளம்பு தயார்.

கடையில் அதிகம் பேர் ஏமாறுவது பெயரில். வெறும் நெக்ஸ்கார்ட் உண்ணிக்கும் தெள்ளுக்கும் மட்டும், நெக்ஸ்கார்ட் ஸ்பெக்ட்ரா என்றால்தான் இதயப்புழுவுக்கும் சேர்த்து. சிம்பரிக்காவும் அப்படித்தான், ட்ரையோ என்று இருக்கவேண்டும். நாய்க்குக் கொடுக்கும் பிரவெக்டோ குளிசை மூன்று மாதம் உண்ணியைப் பார்த்துக்கொள்ளும், இதயப்புழுவைப் பார்க்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற சாதாரணப் பூச்சிக் குளிசை குடல் புழுவுக்கு மட்டும். "நாங்க ஒழுங்கா பூச்சி மருந்து குடுக்கிறம், பிறகெப்படி வந்தது?" என்று கேட்கிற பல பேருக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மலிவு என்பதால் அதை வாயில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். இதயப்புழுத் தடுப்புக்கு வேண்டியது ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 10 கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம். ஒரு வீத ஊசி மருந்தில் ஒரு மில்லிலீட்டரில் இருப்பது 10,000 மைக்ரோகிராம். அதாவது உங்களுக்கு வேண்டியது 0.006 மில்லிலீட்டர். சின்ன ஊசியில் இருக்கும் மிகச் சிறிய கோடே 0.01. "அரை மில்லி போடுங்கோ" என்று யாராவது சொன்னால் அது தேவையைப் போல எண்பது மடங்குக்கு மேல், கொலி (Collie) இன இரத்தம் கலந்த நாய் என்றால் வலிப்பு வந்து சாகவும் கூடும். தவிர, ரத்தத்தில் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் தடுப்பு மருந்தையும் தொடங்காதீர்கள்.

டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்கள் வரும்போது கொண்டுவரச் சொல்பவர்களுக்கு: அங்கே இவை டொக்டர் எழுதித் தந்தால் மட்டும் கிடைக்கும் மருந்துகள், கேட்டவுடன் வாங்கமுடியாது. கொண்டுவந்தாலும் உடைக்காத பெட்டியாக, காலாவதித் திகதியோடு, உங்கள் நாயின் நிறைக்குச் சரியான அளவாக இருக்கவேண்டும். பெரிய நாய்க் குளிசையை வாங்கி இரண்டு சின்ன நாய்க்குப் பாதி பாதி கொடுப்பது மிச்சம் பிடிப்பதாகத் தெரியும், ஆனால் மருந்து குளிசை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நிறை எல்லையில் இருக்கும் நாய்க்குத்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது. நெக்ஸ்கார்ட் ஸ்பெக்ட்ராவில் 15 கிலோ வரை ஓர் அளவு, அதற்கு மேல் அடுத்தது. 15.5 கிலோ உள்ள குண்டு நாய் கொஞ்சம் மெலிந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரு படி கீழே வாங்கலாம்.

இந்த மருந்துகள் பின்னோக்கி வேலை செய்பவை, போன மாதம் நுளம்பு விட்டுப்போன குஞ்சுகளை இந்த மாதம் கொல்கின்றன. அதனால் தவறவிட்டால் உடனே கொடுங்கள், மாதக்கணக்கில் விடுபட்டிருந்தால் ரத்தத்தில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பத் தொடங்கிவிட்டு, ஆறேழு மாதம் கழித்து இன்னொரு டெஸ்ட் எடுங்கள். நாள் மறக்காமல் இருக்க நான் சொல்கிற வழி, போயா நாளில் கொடுப்பது. எல்லாக் கலண்டரிலும் குறித்திருக்கும், அன்றைக்கு வீட்டில் ஆளும் இருக்கும், இடைவெளியும் 29, 30 நாள். சில வருடங்களில் 13 போயா வரும், 2023-இல் ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இரண்டு வந்தது, ஆகவே வருடத்துக்குப் பன்னிரண்டு என்று எண்ணி வாங்குகிறவர்கள் ஒன்று கூடுதலாக எடுத்து வையுங்கள்.